கட்ட வேண்டியது பூஜ்யம், பயம் மட்டும் லட்சம்!

மடியில் கனமிருந்தால் தான் வழியில் பயம் என்பார்கள். வருமான வரி விஷயத்தில் மட்டும் இந்தப் பழமொழி தலைகீழாக நடக்கிறது. மடியில் ஒன்றுமே இல்லாதவர்கள் தான் அதிகம் பயப்படுகிறார்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரர், இரண்டு தையல் மெஷின் வைத்திருப்பவர், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிபன் கடை நடத்துபவர், இவர்களிடம் "வருமான வரி கணக்கு தாக்கல் செய்கிறீர்களா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்று தான். "நமக்கு எதுக்குப்பா அந்த வம்பு? ஒரு தடவை உள்ளே போனா வருஷா வருஷம் கேட்பான்."

இன்னொரு பக்கம், மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும், வரியை மிச்சம் பிடிக்கும் வழிகள் என்று ஆளாளுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை வரி கட்ட வேண்டியவர்களுக்கான யோசனைகள். சிறு வியாபாரிக்கும் நடுத்தரச் சம்பளக்காரருக்கும் இன்று தேவைப்படுவது வேறு. வரியை எப்படிக் குறைப்பது என்பதை விட, வரியே இல்லாத வருமானத்தைக் கூட மறைத்து வைத்து என்னென்ன இழக்கிறோம் என்பது தான் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

வாய்ப் பேச்சை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம்.

ஒரு மளிகைக் கடையின் கணக்கு

தினம் சராசரியாக 10,000 ரூபாய் விற்கும் ஒரு மளிகைக் கடை. வருஷத்தில் 360 நாள் திறந்திருக்கிறது. மொத்த விற்பனை 36 லட்சம். இதில் 24 லட்சம் யுபிஐ மூலமாகவும் வங்கி மூலமாகவும் வந்தது. 12 லட்சம் ரொக்கம்.

இந்தக் கடைக்காரர் ஒவ்வொரு பில்லையும் அடுக்கி வைத்து, ஆடிட்டரிடம் கொடுத்து, லாப நட்டக் கணக்குப் போட வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஆடிட்டர்கள் '44ஏடி' என்று சொல்லிப் பழகிய ஒரு முறை இருக்கிறது. (அது 1961-ம் வருடச் சட்டத்தின் எண். 2025-ம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வந்ததில் எண் மாறியது, முறை தொடர்கிறது.) அதன்படி வருஷ விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தையும், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் லாபம் என்று காட்டினால் போதும். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 3 கோடி.

நமது கடைக்காரருக்கு 24 லட்சத்தில் 6 சதவீதம் 1,44,000. 12 லட்சத்தில் 8 சதவீதம் 96,000. மொத்தம் 2,40,000 ரூபாய். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி முதல் 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. ஆகவே கட்ட வேண்டியது பூஜ்யம்.

இத்துடன் முடியவில்லை. 6, 8 சதவீதம் என்பது குறைந்தபட்சம் தான். உண்மையில் லாபம் அதைவிட அதிகமாக இருந்தால் அதிகமாகத் தான் காட்ட வேண்டும். கடைக்காரருக்கு உண்மையில் 5 லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 4 லட்சத்துக்கு மேல் உள்ள 1 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரி. ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. அந்த 5,000 ரூபாயும் தள்ளுபடி. மறுபடியும் பூஜ்யம்!

அதாவது, 5 லட்சம் சம்பாதிக்கும் ஒருவர் அதை உள்ளபடி காட்டினாலும் வரி இல்லை, பாதியாகக் காட்டினாலும் வரி இல்லை. பிறகு எதற்காக மறைக்கிறார்? பழக்கம். அப்பா காலத்தில், வரி விலக்கு வரம்பு சில ஆயிரங்களில் இருந்தபோது, மறைப்பதில் ஒரு லாபம் இருந்தது. அந்தக் காலத்துப் பயத்தை மட்டும் கடையோடு சேர்த்துப் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மறைப்பதன் விலை

மறைப்பதால் லாபம் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை. நஷ்டம் இருக்கிறது. அது மூன்று இடங்களில் வந்து நிற்கும்.

முதலாவது, வங்கி வாசலில். கடையைப் பெரிதாக்க 5 லட்சம் கடன் கேட்டுப் போனால், பொதுவாக வங்கி கேட்பது இரண்டு மூன்று வருஷத்து வருமான வரி ரிட்டர்ன். அது இல்லை என்றாலோ, வெறும் 2 லட்சம் வருமானம் காட்டியிருந்தாலோ கடன் கிடைப்பது கஷ்டம். அடுத்து அவர் போவது தண்டல்காரரிடம். 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல் செய்தால், அதன் வட்டி வருஷக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டும். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியிராத வரிக்குப் பயந்து, தண்டல்காரருக்குக் கட்டுகிற வரி இது.

இரண்டாவது, வர வேண்டிய பணம் வராமல் போவது. கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு காண்ட்ராக்டர், வாடகை வேன் ஓட்டுபவர், வீட்டிலிருந்து மென்பொருள் எழுதிக் கொடுப்பவர், இவர்களுக்கெல்லாம் பணம் கொடுக்கும்போதே ஒரு பகுதியை டிடிஎஸ் என்று பிடித்துக்கொள்வார்கள். அது அவருடைய பணம். அவர் பான் எண்ணில் அரசாங்கத்திடம் கிடக்கிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் தான் திரும்ப வரும்.

மூன்றாவது தான் மிகவும் வேதனையானது. சாலை விபத்தில் குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவருடைய வருமானத்தை வைத்துத் தான் இழப்பீட்டைக் கணக்கிடுகிறது. வருமானத்துக்கு முக்கியமான ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படுவது வருமான வரி ரிட்டர்ன். அது இல்லாத இடத்தில் உத்தேசமாக ஒரு தொகையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். மாதம் 40,000 சம்பாதித்தவரின் மனைவி, "அவர் நன்றாகத் தான் சம்பாதித்தார்" என்று கண்ணீரோடு சொன்னாலும், காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. உயிரோடு இருந்தபோது அவர் மறைத்த வருமானத்தை, அவர் போன பிறகு குடும்பத்தால் வெளியே கொண்டுவர முடியாது.

யுபிஐ பயம் நியாயமானதா?

"அதெல்லாம் சரி, பெங்களூரில் என்ன நடந்தது பார்த்தீர்கள் அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி தான்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகள் பலருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் விற்பவர்களுக்குக் கூட லட்சக்கணக்கில் கேட்டு நோட்டீஸ் போனது. பெங்களூர்க் கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கோபத்தில் அர்த்தம் இருந்தது. காய்கறிக்கும் பாலுக்கும் ஜிஎஸ்டியே கிடையாது. வங்கிக் கணக்குக்கு வந்த பணமெல்லாம் விற்பனை என்று எடுத்துக்கொண்டு வரி கேட்பது எந்த ஊர் நியாயம்? மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாத்தும், சீட்டு எடுத்த பணமும், மகன் வெளியூரிலிருந்து அனுப்பியதும் அதே கணக்கில் தானே வருகிறது?

ஆனால் அந்தச் சம்பவம் கற்றுக் கொடுக்கும் பாடம் ரொக்கத்துக்குத் திரும்பு என்பது இல்லை. எது விற்பனை, எது கைமாத்து என்று எடுத்துக் காட்ட ஒரு சிட்டை இருந்தவர் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல முடியும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பியவர் தான் மாட்டிக்கொள்வார். ரொக்கத்துக்குத் திரும்புகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன முறையில் வங்கி வழி விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். க்யூஆர் அட்டையைக் கழற்றியவர் குறைந்தபட்ச லாபத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறார்!

ஜிஎஸ்டி வரம்பையும் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு வருஷத்துக்கு 40 லட்சம். சேவைத் தொழில் என்றால் 20 லட்சம். இது லாபத்தின் மேல் இல்லை, மொத்த விற்பனையின் மேல். வரி உள்ள பொருள், இல்லாத பொருள் இரண்டும் சேர்த்துத் தான் கணக்கு. வரி விலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அரிசி பருப்போடு சோப்பும் பிஸ்கட்டும் விற்பவர் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மேலே பார்த்த 36 லட்சக் கடை வரம்புக்குள் இருக்கிறது. தீபாவளி வியாபாரம் நன்றாக நடந்தால் தாண்டிவிடலாம். தாண்டினாலும் உலகம் முடிந்துவிடாது. 1.5 கோடி வரை விற்பனை உள்ள வியாபாரிக்குக் காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. வியாபாரிக்கு 1 சதவீதம், ஓட்டலுக்கு 5 சதவீதம். அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது, வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இவற்றை ஏற்றுக்கொண்டால் மாதா மாதம் அலையும் வேலை குறையும்.

சம்பளக்காரரின் மார்ச் மாதம்

கடைக்காரர் வரியைப் பார்த்து ஓடுகிறார் என்றால், சம்பளக்காரர் வரிச் சலுகையைத் தேடி ஓடுகிறார். மார்ச் கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "டேக்ஸ் மிச்சம்" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறை தான் இயல்பானது. பழைய முறை வேண்டும் என்று கேட்டு வாங்காதவர் தானாகப் புதிய முறைக்குள் வந்துவிடுவார். '80சி' என்று ஊரே அறிந்த அந்த 1.5 லட்சம் கழிவு புதிய முறையில் கிடையாது. அப்படியானால் அந்த மார்ச் மாதப் பாலிசியால் மிச்சமான வரி எவ்வளவு? ஒரு பைசா கூட இல்லை. ஆனால் அடுத்த பதினைந்து வருஷம் பிரீமியம் மட்டும் கட்டியாக வேண்டும்.

2025-26-ல் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. ஆகவே 12,75,000 வரை சம்பளம் உள்ளவருக்கு, வேறு வருமானம் இல்லாவிட்டால், வரி பூஜ்யம். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது என்பதை மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். பழைய முறை லாபமா, புதிய முறை லாபமா என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்தில் உள்ள கணக்குப் பொறியில் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வாடகைப் படி எல்லாம் பெரிய தொகையாக உள்ள சிலருக்குப் பழைய முறை இன்னும் லாபமாக இருக்கக் கூடும். போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது தான் புத்திசாலித்தனம்.

12 லட்சத்தை ஆயிரம் ரூபாய் தாண்டினாலும் 60,000 ரூபாய் வரி விழும் என்று ஒரு வதந்தி உண்டு. தவறு. வருமானம் 12,10,000 என்றால் விகிதப்படி வரி 61,500 வரும். ஆனால் கூடுதலாக வந்த 10,000-க்கு மேல் வரி கேட்கக் கூடாது என்று சலுகை இருப்பதால், வரி 10,000 தான். அதன் மேல் 4 சதவீத செஸ் தனி.

ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்பவர்

பூஜ்யத்துக்குப் பயப்படுபவர்கள் ஒரு வகை. இல்லாத ரீஃபண்டுக்கு ஆசைப்படுபவர்கள் இன்னொரு வகை. "உங்கள் வரியை முழுசாகத் திருப்பி வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இத்தனை பர்சென்ட்" என்று ஒருவர் வருவார். கொடுக்காத நன்கொடையையும், கட்டாத வாடகையையும், இல்லாத மருத்துவச் செலவையும் எழுதி ரிட்டர்ன் போட்டுவிடுவார். பணமும் வந்துவிடும். வாங்கியவர் அவரைத் தெய்வமாகக் கும்பிடுவார்.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை இப்படிப்பட்ட ஏஜெண்டுகளைக் குறிவைத்து நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை தொடங்கியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளை வாபஸ் வாங்கியிருந்தார்கள் என்று துறை சொன்னது. கமிஷன் வாங்கிய ஏஜெண்ட் போய்விடுவார். வரி, வட்டி, அபராதம் எல்லாம் பான் கார்டில் பெயர் உள்ளவர் தலையில் தான் விழும். கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பார்க்காததன் விலை அது.

செய்ய வேண்டியவை

பெரிய தந்திரம் எதுவும் இல்லை. தினம் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

1. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர். வீட்டுப் பணம், கைமாத்து, சீட்டுப் பணம் அந்தக் கணக்கில் வரவே கூடாது.

2. ஒரு குயர் நோட்டு வாங்கி, இரவு கல்லாவை எண்ணும்போது அன்றைய ரொக்க விற்பனை, யுபிஐ விற்பனை, கொள்முதல், செலவு என்று நான்கு எண்களை எழுதுவது.

3. யாரிடமும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. கடன் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஒரே ஆளிடமிருந்து ஒரு நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் அப்படித் தான்.

4. ரிட்டர்ன் போடும் முன் வருமான வரி இணையதளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்ப்பது. வங்கி வட்டி, டிடிஎஸ், பங்கு விற்பனை எல்லாம் துறைக்கு ஏற்கெனவே தெரியும். அதோடு பொருந்தாத ரிட்டர்னுக்குத் தான் கேள்வி வரும்.

5. கடைசி தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. தாமதக் கட்டணம் 5 லட்சத்துக்குள் வருமானம் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 5,000 ரூபாய்.

6. 44ஏடி முறையில் ஒரு முறை நுழைந்துவிட்டு, ஐந்து வருஷத்துக்குள் குறைந்த லாபம் காட்டுவதற்காக வெளியே வந்தால், அடுத்த ஐந்து வருஷம் உள்ளே வர முடியாது. கமிஷன், தரகு வருமானத்துக்கும் இந்த முறை கிடையாது. இங்கே ஒரு நல்ல ஆடிட்டரின் யோசனைக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு இல்லை.

7. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 'நில்' ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் ஏறும்.

8. நோட்டீஸ் என்று வந்தால் முதலில் அது உண்மையா என்று பார்ப்பது. வருமான வரித் துறையின் கடிதங்களுக்கு 2019 அக்டோபர் முதல் ஒரு ஆவண எண் உண்டு. அதை இணையதளத்தில் சரிபார்க்கலாம். "ரீஃபண்ட் வந்திருக்கிறது, இங்கே க்ளிக் செய்யவும்" என்ற எஸ்எம்எஸ்ஸைத் தொடவே கூடாது.

கல்லூரியில் படித்துக்கொண்டே வேலை செய்யும் மாணவருக்கும் இது பொருந்தும். ஒரு கம்பெனிக்கு வேலை செய்து வருஷத்தில் 3 லட்சம் வாங்கியவருக்கு 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தால் 30,000 ரூபாய் அரசாங்கத்திடம் இருக்கிறது. வேறு வருமானம் இல்லாவிட்டால் அவருக்கு வரியே கிடையாது. ரிட்டர்ன் போட்டால் முழுத் தொகையும் திரும்ப வரும். போடாவிட்டால் ஒரு செமஸ்டர் ஃபீஸ் போனது போனது தான்.

அரசாங்கத்தின் பங்கு

எல்லாப் பழியையும் கடைக்காரர் தலையில் போடுவதும் நியாயமில்லை. பட்டதாரிக்கே புரியாத ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்தால், எட்டாவது படித்தவர் பயப்படாமல் என்ன செய்வார்? வரி இல்லை என்று சட்டம் போட்டால் மட்டும் போதாது. அது சம்பந்தப்பட்டவர் காதில் அவர் மொழியில் விழ வேண்டும். பெங்களூரில் நடந்தது போல முதலில் லட்சக்கணக்கில் நோட்டீஸ், பிறகு விளக்கம் என்ற வரிசையை மாற்றி, முதலில் விளக்கம், பிறகு தேவைப்பட்டால் நோட்டீஸ் என்று வைத்தால், பத்து வருஷப் பிரச்சாரம் செய்யாததை அது செய்யும்.

ஆனால் அரசாங்கம் திருந்தும் வரை காத்திருந்தால் நஷ்டம் கடைக்காரருக்குத் தான். வங்கி மேனேஜர் கேட்கும் காகிதத்தையும், தீர்ப்பாயத்தில் மனைவி காட்ட வேண்டிய காகிதத்தையும் அவரைத் தவிர வேறு யாரும் தயார் செய்ய முடியாது. இந்த வருஷம் ரிட்டர்னில் எழுதப் போகிற வரித் தொகை பூஜ்யமாகவே இருக்கட்டும். அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள வருமானத் தொகை உண்மையாக இருந்தால் போதும்.